பதினாறாம் மாடியில் ஐந்து கோடு

புகாரில் பெயர் யோகமலர்.
ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடி, பதினாறாம் மாடி.
"சிக்னல் ஃபுல்லா இருக்கு. பேச்சுதான் வரல."

லிப்ட் பதினாலோடு நின்றுகொண்டது.
மீதிக்கு
மீட்டர் பெட்டியைத் தோளில் சுமந்தேன்.

வராந்தாவில் கைபேசியைத் தூக்கிக் காட்டினாள்.
ஐந்து கோடும் நிமிர்ந்து நின்றன
பள்ளி அணிவகுப்பு மாதிரி.

என் திரையில் வேறு கதை.
ஆயர் ஈத்தாம் குன்றிலிருந்து ஒன்று,
ஜெலுத்தோங்கிலிருந்து இரண்டு,
கடல் தாண்டி பட்டர்வொர்த்திலிருந்துகூட ஒன்று
(அதை யார் அழைத்தது?)
ஆக மொத்தம் பதினோரு கோபுரங்கள்,
ஒரே அலைவரிசை.
யார் யாருக்கோ சொன்னதெல்லாம்
இவள் காதில்.

உயரத்தில் குடியிருந்தால் இப்படித்தான்.
எல்லாரையும் தெரியும்,
ஒருவர் பேச்சும் விளங்காது.

"நல்லா கேக்குற எடம் ஒன்னு இருக்கு, வாங்க."

படிக்கட்டு. ஜன்னல் இல்லாத வளைவு.
குப்பைக் குழாயின் நாற்றம்,
பிளாஸ்டிக் நாற்காலி, கொசுவத்திச் சாம்பல்.
பாயான் லெப்பாஸ் ஷிப்ட் முடிந்து
இரவு பதினொன்றரைக்கு
மீரியில் கடல் வேலை பார்க்கும் கணவனோடு
இங்கேதான் பேசுவாளாம்.
ஒரே ஒரு கோடு.
குரல், வடிகட்டிய தண்ணீர்.

சுவர் பத்துப் பேரை வெளியே நிறுத்தியிருந்தது.
நான் எட்டு வருடம் படித்ததை
சிமெண்ட் இலவசமாகச் செய்கிறது.

அடுத்த தலைமுறைக்கு எங்கள் ஆய்வுக்கூடத்தில்
வேறு வழி பார்க்கிறோம்.
கத்துகிறவனைத் துரத்துவதில்லை.
முதலில் அவனையே கேள்,
கடைசி எழுத்துவரை எழுதி எடு,
எழுதியதை மொத்த இரைச்சலிலிருந்து கழி.
மிச்சத்தில் அடுத்தவன். அவனையும் கழி.
பானையின் அடியில் ஒட்டிய பருக்கையாய்
மெலிந்த குரலொன்று தட்டுப்படும்.
முதல் கழித்தலில் ஓரெழுத்து பிசகினால்
அத்தனையும் பிசகும்.
என்னைத் தூங்கவிடாதது அதுதான்.

கோபுரங்கள் முறை வைத்துக்கொண்டு
ஒரு மில்லி நொடி வாய்மூடவும் வேண்டும்.
அதற்காக ஹாஃபிஸும் நானும்
செவ்வாய்தோறும் மூன்று கம்பெனிகளைக் கூட்டுகிறோம்.
கூட்டத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள்.

அறிக்கையில் எழுதினேன்:
பட்டர்வொர்த் ஆண்டெனாவை
இரண்டு டிகிரி கீழே சாய்க்கவும்.
மூன்று வாரம் ஆகும் என்றேன்.
"பரவால்ல, கொசுவத்தி இருக்கு."

இறங்கும்போது என் கைபேசி அடித்தது.
வராந்தாவுக்குப் போகாமல்
பதினைந்தாம் மாடி வளைவிலேயே நின்று எடுத்தேன்.