இருபது லட்சம் கை

டிசம்பர் முப்பத்தொன்று.
மூன்றரைக்கே இருட்டிவிட்டது பேர்னுவில்.
வளைகுடா இன்னும் உறையவில்லை,
உறையலாமா என்று யோசித்தபடி கிடக்கிறது.
குளிர்பெட்டிக் கதவில், மின்கட்டண ரசீதின் முதுகில்
பென்சிலால் எழுதுகிறேன்:
அடுத்த வருஷம், இருபது லட்சம் கை.

பூட்ஸுக்குள் காலைத் திணித்தபடி உர்மாஸ் வாசிக்கிறான்.
"போன வருஷம் பதினைந்துதானே?"
பதினைந்துதான்.
ஆடியது பதின்மூன்று லட்சத்துப் பதினெட்டாயிரத்து
நானூற்று ஆறு.
அந்த ஆறையும் விடாமல் சொல்கிறேன்.
தவறவிட்டவளுக்குச் சில்லறை முக்கியம்.

ஆகஸ்டில் மணிக்கட்டு வீங்கியது.
"என்ன வேலை உங்களுக்கு?" என்றார் டாக்டர்.
"கை," என்றேன்.
"சரி, கையால் என்ன வேலை?"
ஆறு வாரம் கட்டுப் போட்டுவிட்டார்.
நான் இல்லாமலே மேஜைகள் நிறைந்தன, காலியாயின,
என் நாற்காலி எதுவென்று யாரும் கேட்கவில்லை.

இம்முறை கணக்குப் போட்டிருக்கிறேன்.
முந்நூறு நாள்.
நாளுக்கு ஆறாயிரத்து அறுநூற்று அறுபத்தேழு.
திரையில் பன்னிரண்டு மேஜை,
மணிக்குத் தொள்ளாயிரத்துச் சொச்சம்,
ஏழு மணி நேரம், நடுவில் ஒரு வாழைப்பழம்.
மிச்சமுள்ள அறுபத்தைந்து நாளில்
பல்வலி, உர்மாஸின் அக்கா கல்யாணம், இணையம் அறுந்துபோவது,
காரணமில்லாமல் அழும் நாட்கள்
(அதற்கு நான்கு ஒதுக்கியிருக்கிறேன்).

கறுப்புக் கண்ணாடி, புகை, துணிச்சல் என்று
நினைத்துக்கொள்கிறார்கள் சீட்டை.
இருபது லட்சத்தில் பதினைந்து லட்சம்
விடுவதற்கென்றே வருகிறது.
கிளாவர் ஒன்பது, டைமன் நாலு. விடு.
ராணி வந்தாள், கூடவே மூன்று. விடு.
துறவிகூட இவ்வளவு துறந்திருக்க மாட்டார்,
அவரிடம் யாரும் மேஜைக் கூலியும் கேட்பதில்லை.
எல்லாம் போக
நூறு கைக்கு இரண்டு யூரோ நிற்கும்.
நிற்க வேண்டும்.
மார்ச்சில் முப்பத்தெட்டு நாள் நிற்கவில்லை.
இரண்டு ஆஸ் வைத்துக்கொண்டு தோற்றேன், மறுபடி தோற்றேன்.
அதனால்தான் பணத்தை எழுதவில்லை கதவில்.
கையை மட்டும்தான் எழுத முடியும்.

குரிச்சிபாவில் ஒருவன் இருக்கிறான்.
திரையில் அவன் பெயர் ஈரச்சாக்ஸ்.
ஆறு வருஷமாக எதிரில், முகம் தெரியாது.
ஆனால் கடைசிச் சீட்டு விழுந்ததும்
பொய்யென்றால் இரண்டு விநாடி தயங்குவான்,
நிஜமென்றால் நான்கு. அது தெரியும்.
பதினோரு வருஷமாக உடன் படுக்கும் உர்மாஸ்
இப்போது அந்தக் காகிதத்தின் முன் நிற்கிறான்.
நான்கு விநாடி. ஐந்து. ஒன்பது.
எனக்கு ஒன்றும் புரியவில்லை.

பென்சிலை வாங்கி என் எண்ணுக்குக் கீழே எழுதுகிறான்:
பனி, தெரியாது.
போன குளிரில் அவன் வண்டி தள்ளியது
பதினோராயிரம் கிலோமீட்டர் பனி.
ஒரு தெருகூட முடிந்ததாக இல்லை.
"இடக்கையும் பழகிக்கொள்," என்கிறான் வாசலில்.
நவம்பரிலிருந்தே பழகுகிறேன். சொல்லவில்லை.
அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

நள்ளிரவு.
கடற்கரைப் பக்கம் வாணம் வெடிக்கிறது.
எங்கோ அவன் வண்டியின் மஞ்சள் விளக்கு
சுவரில் ஒரு சுற்று சுற்றிப் போகிறது.
இடக்கையில் மவுஸ், கோணலாக, அடுத்தவர் செருப்பு போல.
முதல் கை:
இஸ்பேட் ஏழு, ஆட்டின் இரண்டு.
விடு.
மிச்சம் பத்தொன்பது லட்சத்துத் தொண்ணூற்றொன்பதாயிரத்துத்
தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது.