எழுத்தென்று சொல்லாதே

மிஷின் வந்து நாலு மாதம்.
அலுமினியச் சட்டம், மூன்று மோட்டார்,
பிளைவுட்டைத் தின்ன மூன்று மில்லியில் ஒரு பல்.
கட்டில் இருந்த இடத்தில் அது நிற்கிறது,
நான் பாயில்.

எதில் வரைவது, எதில் பாதை போடுவது,
எதில் அனுப்புவது என்பதிலேயே
நாலு மாதமும் போயிற்று.

முதலாவது அழகு.
நெட் இல்லாவிட்டால் வாய் திறக்காது.
கொருக்குப்பேட்டை கேட்டில் கூட்ஸ் வண்டி போகிற மாதிரி
நீலக் கோடு நகரும், நிற்கும்,
கடைசிப் பெட்டி போன பிறகும்
கேட்டைத் தூக்க மாட்டார்கள்.

இரண்டாவது இலவசம்.
அடிக்கடி சேமிக்கச் சொல்லிப் பழக்கியது,
சேமிக்கும்போதே செத்து.

மூன்றாவதற்குப் பதினெட்டாயிரம்.
யார்டில் ராத்திரி ஷிஃப்டு கன்டெய்னர் எண்ணுகிறவன்
அந்தத் தொகையை ஒரு தரம்
சத்தமாகச் சொல்லிப் பார்க்க வேண்டும்.
சொன்னேன். லேப்டாப்பை மூடினேன்.

கீழ் போர்ஷன் எஸ்தர் கேட்டது ஒரே பலகை:
எஸ்தர் தையல், கொருக்குப்பேட்டை.
"இத்தினி நாள் சத்தத்துக்கு வாடகைன்னு வச்சிக்கோ."

'கொ' உடைந்தது.
கொம்பு தனி, க தனி, கால் தனி,
நடுவில் புள்ளிபுள்ளியாய் ஒரு வட்டம்,
ஆள் வராத நாற்காலி.
இன்னொன்றில் ஊர்ப்பெயர் முழுக்கக்
காலிப் பெட்டிகளாய் வரிசை கட்டியது,
எங்கள் யார்டே தேவலாம்.

விடிகாலை மூன்று மணிக்குப் புரிந்தது.
அதனிடம் எழுத்தென்று சொல்லாதே.
கோடென்று சொல்.

ஒன்றில் எழுதி, அங்கேயே கோடாக்கி,
இரண்டாவதில் பாதை மட்டும் போட்டு,
ஓசியில் கிடைத்த சின்னது ஒன்று அனுப்பட்டும்.
சுவரில் மார்க்கரால் வரிசையாக எழுதினேன்.
அடியில் பெரிதாக: மில்லிமீட்டரா பார்.
(இஞ்ச் என்று நினைத்து ஒருமுறை
தன் சட்டத்தையே முட்டிக்கொண்டது.)

கரண்ட் பில்லை அடியில் வைத்துப்
பல்லை இறக்கினேன்,
காகிதம் லேசாகப் பிடிபடும் வரை.
அதுதான் பூஜ்யம்.

நாற்பது நிமிடம். மூக்கெல்லாம் மரத்தூள்.
'கொ' முழுசாக வந்தது.
என்ன மொழி வெட்டினோம் என்று
மிஷினுக்குத் தெரியாது.

எஸ்தர் இரண்டு முறை படித்தாள்.
"புள்ளியெல்லாம் எங்க?"

எஸதர தையல, கொருககுபபேடடை.

மூன்று மில்லி நுழையாத வட்டங்களை
சொல்லாமல் விட்டிருக்கிறது.
ஒரு மில்லி பல் வாங்கணும், மாட்டணும்,
மறுபடி பூஜ்யம் வைக்கணும் என்று
நான் ஆரம்பிக்கும்போதே
அவள் டப்பாவைக் கவிழ்த்தாள்.

ஐந்து சிவப்பு பட்டன் கிடைத்தது.
'ல்'லுக்கு மட்டும்
யாரோ சட்டையிலிருந்து வெள்ளை.