மூன்றாவது டப்பா

சிலைமான் ஆரம்ப சுகாதார நிலையம்.
வரிசை எண் பதினேழு: குருவம்மா, வயது முப்பத்தொன்று,
செங்கல் சூளை.
ரத்தம் ஐந்து புள்ளி எட்டு.
எழுதிவிட்டு இன்னொரு விரலில் குத்திப் பார்த்தேன்.
அதேதான்.
கீழிமையை இழுத்துப் பார்த்த டாக்டரம்மா
"இத வச்சுக்கிட்டு எப்படிம்மா கல்லு சுமக்குற?" என்றார்.
"இப்ப எட்டுதான். முன்னாடி பன்னெண்டு" என்றாள்,
குறைத்துக்கொண்டதற்கு மன்னிப்புக் கேட்பதுபோல.

கூட வந்த நாத்தனார்தான் போட்டு உடைத்தாள்:
"சுட்ட செங்கலைக் கடிச்சுத் திங்கிறா சார்.
ராத்திரியில நறநறன்னு சத்தம்.
பாண்டி கோயில்ல மூணு வெள்ளி உக்கார வச்சோம்,
நிக்கல."
குருவம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் டப்பா, பல்பொடி டப்பா.
விளிம்பில் ரோஸ் தூள் இன்னும் மிச்சம்.
விடியலில் கருவேலங்காட்டில் எடுத்தது
பஸ் வராமல்
என் மேசைக்கு வரும்போது மணி பதினொன்றரை.
குச்சி நுனியளவு, ஒரு சொட்டு உப்புநீர், மேலே கண்ணாடிச் சில்லு.
மிளகாய்த் தோல் தெரிந்தது.
கீரை நார், சுருள் சுருளாக.
கறுப்பு வளையம் போட்ட காற்றுக் குமிழிகள்.
முட்டைபோலவே நடிக்கும் ஏதோ பூவின் மகரந்தம்.
வேலைக்குச் சேர்ந்த வருஷம்
அப்படியொரு மகரந்தத்தை நாக்குப்பூச்சி என்று எழுதி
ஒரு கணக்குப்பிள்ளைக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்தவன் நான்.
குணமாகிவிட்டது என்று வாழைப்பழச் சீப்போடு வந்தார்.

'முட்டை காணப்படவில்லை' என எழுதினேன்.
'இல்லை' என்று எழுதுவதில்லை.
பதினெட்டு வருஷமாக
அந்தக் 'காணப்பட'வுக்குள் பதுங்கிக்கொள்கிறேன்.

இரண்டாவது, தீப்பெட்டி.
ஈரத்தையெல்லாம் அட்டை குடித்திருந்தது.
காணப்படவில்லை.

மூன்றாவதுக்கு
இங்கேயே வந்து எடுக்கச் சொன்னேன்.
நோயாளிகள் கழிப்பறையில் பங்குனியிலிருந்து தண்ணீர் இல்லை.
ஊழியர் கழிப்பறைச் சாவி
வாட்ச்மேன் சோணைமுத்துவின் அரைஞாணில்.
"ஸ்டாஃபுக்கு மட்டும்னு எழுதியிருக்கு சார்."
"யாரு எழுதினது?"
"நான்தான்."
யோசித்து அவிழ்த்துக் கொடுத்தார்.

வெளியே வந்த குருவம்மா
டப்பாவை முந்தானைக்குள் மறைத்தபடி சொன்னாள்:
"உள்ள தாப்பா இருக்கு சார்."

சூடு ஆறவில்லை.
உழவுச் சால்போல
இடமிருந்து வலம், ஒரு மயிரிழை கீழே, வலமிருந்து இடம்.
மூன்றாவது சாலில்
மெல்லிய ஓடு, கண்ணாடிபோல.
ஓட்டுக்கும் உள்ளதுக்கும் நடுவே ஒரு வெளிச்ச வளையம்.
அதற்குள் நான்கு பயறு
ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு.
கொக்கிப்புழு.
விட்டுவைத்தால் நான்கு எட்டாகும்,
நாளை பொரிந்துவிடும்,
நிழல்பட்ட ஈரமண்ணில் செருப்பில்லாத
ஒரு பாதத்துக்காக நெளிந்து காத்திருக்கும்.
பக்கத்திலேயே இன்னொன்று.
அடுத்த பார்வையில் இரண்டு.
நாற்பத்தொன்றில் எண்ணுவதை நிறுத்தினேன்.

"கெடச்சிருச்சு" என்று கத்திவிட்டேன்.
தொலைந்த சங்கிலி கிடைத்ததுபோல.
பிறகுதான் வெட்கமாக இருந்தது.

அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
தப்பான கண்ணை மூடினாள், மாற்றினாள்,
தன் இமைமுடியையே முதலில் பார்த்தாள்.
பிறகு மூச்சு நின்றது.
"இதா?"
"இதோட முட்டை. புழு உள்ள குடலைக் கடிச்சுத் தொங்குது,
ரத்தம் அதுக்குத்தான் போகுது."
"கல்லு திங்க வச்சதும் இதுதானா?"
'இருக்கலாம்' என்கிறது புத்தகம்.
"ஆமா" என்றேன்.
பதினெட்டு வருஷத்தில் முதல்முறை.

கண்ணை எடுக்காமலே சொன்னாள்:
"அத அவகிட்ட சொல்லுங்க. கொஞ்சம் சத்தமா."

சொன்னேன். வராந்தாவே திரும்பிப் பார்த்தது.
நாத்தனார் குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.
நிமிர்ந்தபோது
தன் வெளுத்த நகங்களை ஒருதரம் பார்த்துக்கொண்டு
எனக்கு மட்டும் கேட்கும்படி,
"எனக்கும் ஒரு டப்பா குடுங்க சார்.
அந்தச் சாவியும்."