பின்னோக்கி

கூடம் கோணல் என்றேன்.
ஆடத் தெரியாதவள் பேச்சு என்று சிரித்தான் ஹால்வர்தூர்.
காயெத்தான் ஒரு கூடைப்பந்தை எடுத்துத் தரையில் வைத்தான்.
பந்து கொஞ்சம் யோசித்தது. பிறகு மெல்ல
கடல் பக்கம் உருண்டு போனது.
பள்ளிக்கூடம் கட்டி நாற்பது வருஷம்,
ஒரு மூலையை உறைபனி தூக்கிவிட்டிருக்கிறது.
அதனால்தான் எங்கள் வால்ட்ஸ்
எங்கே தொடங்கினாலும்
ஜன்னலோரம் போய் முடிகிறது.

செவ்வாய்க்கிழமை, ஏழு மணி.
வாசலில் பூட்ஸ்களைக் கழற்றிவிட்டு
கம்பளிக் காலுறையோடு வந்து நிற்போம், ஐந்து ஜோடி.
காயெத்தான் போலந்துக்காரன்,
பகலெல்லாம் ஆலையில் காட் மீனுக்கு முள் எடுப்பவன்.
என் தோளைத் திருத்தும் விரல்களில்
சோப்பையும் மீறிக் கொஞ்சம் மீன்.
அவன் "மூன்று" என்று எண்ணும்போது
எங்கள் மொழிக்குள்
இல்லாத ஒரு முள் தட்டுப்படும்.

ஆண் முன்னால் வருவான்,
பெண் பின்னால் போவாள்.
விதி அவ்வளவுதான் என்றான்.

எனக்குப் பிடிக்கவில்லை.
ஹால்வர்தூர் கடலில் இருந்த முப்பத்திரண்டு வருஷமும்
வீட்டில் முன்னால் நடந்தவள் நான்.
பனி வாரினேன், பாய்லரைத் திட்டினேன்,
இரண்டு பையன்களுக்குப் பின்னக் கணக்கு,
வங்கி மேலாளரிடம் ஒரு பெரிய பொய்.
இப்போது கண்ணில்லாத முதுகை
முன்னால் அனுப்பிவிட்டு
இவன் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே
போக வேண்டுமாம்.

"என்ன பார்க்கிறாய்?"
"சுவரை."
"சுவரை நான் பார்த்துக்கொள்கிறேன், லோய்கா."
"நீ என் காலை அல்லவா பார்க்கிறாய்."

காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.
பார்த்துக்கொண்டே மிதித்தான்.
கட்டைவிரல் நகம் கறுத்து
கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு விழுந்தது.
சோப்புப் பெட்டியில் வைத்திருக்கிறேன்,
சாட்சிக்கு.

அவன் வலது இடுப்பு உலோகம்.
வலப்பக்கம் திரும்பும்போதெல்லாம்
அதுவும் ஒரு கணம் யோசிக்கும்.
அந்த ஒரு கணத்துக்குள்
எனக்குக் கோபம் வந்து போய்விடும்.

புத்தாண்டு கழிந்த முதல் செவ்வாய்.
காற்றுக்குப் பயந்து மூன்று ஜோடி வரவில்லை.
இன்றைக்கு மாற்றிப் பிடியுங்கள் என்றான் காயெத்தான்.
என் வலது கை அவன் முதுகுக்குப் போனது.
இத்தனை அகலமான முதுகு என்று
எனக்கு யாரும் சொன்னதில்லை.

ஹால்வர்தூர் கண்ணை மூடிக்கொண்டான்.
திரும்பிப் பார்க்கவில்லை, கேட்கவும் இல்லை.
போ என்ற இடத்துக்குப் போனான்.
தொண்ணூற்றாறு கிலோ
காலித் தள்ளுவண்டி மாதிரி
என் விரலுக்கு நகர்ந்தது.
எனக்குத் தலை கிறுகிறுத்தது.
எண்ணிக்கை தப்பியது.
நேராகக் கொண்டுபோய்
உடற்பயிற்சிக் கம்பிகளில் மோதினேன் அவனை.

பின்னந்தலையைத் தடவிக்கொண்டான்.
ஏன்டா கண்ணை மூடினாய் என்றேன், பயத்தில் சத்தமாக.
"பழக்கம்" என்றான்.
"எஞ்சின் அறையில் ஜன்னல் கிடையாதே."

நான் ஒன்றும் சொல்லவில்லை.
முப்பத்திரண்டு வருஷம்
சமையலறை விளக்கை அணைக்கும் முன்
அவனை நினைத்துக்கொள்வேன்,
தளத்தில் நின்று
கடலையே பார்த்துக்கொண்டிருப்பவனாக.
தண்ணீர் மட்டத்துக்குக் கீழே
டீசல் புகையில்
யாரோ மேலே திருப்பும் பக்கமெல்லாம்
போய்க்கொண்டிருந்திருக்கிறான்.
கேட்டிருக்கலாம்.
அவனும் சொல்லியிருக்கலாம்.

நவம்பரில் மலைக்குப் பின்னால் போன சூரியன்
ஜனவரிக் கடைசியில் திரும்பும்.
அன்று ஊரே அப்பம் சுட்டு
சூரியக் காப்பி குடிக்கும்.
இந்த முறை பள்ளிக்கூடத்தில்,
வெண்ணெய் வாசனைக்கு நடுவே
எங்கள் ஐந்து ஜோடி.

பாதிப் பாட்டில் அது வந்தது,
மலை முகட்டுக்கு மேல், ஒரு நகம் அளவு.
எல்லோரும் ஜன்னலுக்கு ஓடினார்கள்.
நாங்கள் ஓடவில்லை,
தரையே எங்களை அங்கே கொண்டுபோனது.
வெயில் நேராக அவன் கண்ணில்.
இமையைச் சுருக்கிக்கொண்டு
ஒன்றும் தெரியாமல்
முன்னால் வந்துகொண்டிருந்தான்.
நான் பின்னால் போய்க்கொண்டிருந்தேன்.
கழுத்தைத் திருப்பவே இல்லை என்று
சொல்ல ஆசைதான்.

இரண்டு தடவை திருப்பினேன்.