பிற குறிப்புகள்

ஜூன் இரண்டாம் வாரம்.
சுப்பீரியர் ஏரியில் கால் வைத்தால்
இன்னும் எலும்பு வரை கூசுகிறது.

தொடக்கப்பள்ளியிலிருந்து நடுநிலைப்பள்ளிக்கு
அறுநூறு அடி. நடுவில் ஒரு கொடிக்கம்பம்,
கார்கள் நிற்கும் தார்த்தரை.
பெட்டிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றி
நானே நடந்து கொண்டுபோகிறேன்.
நாற்பத்தொரு பிள்ளைகள். இரண்டு பெட்டி.
எட்டாம் வகுப்பு முடித்தவர்களின் பெட்டி மட்டும்
வெண்டலின் வேனில் மலைமேல் போகும்.
உயர்நிலைப்பள்ளி வரை தள்ள என் முழங்கால் சம்மதிக்காது.

எழுத்தர் வேலைதான் எனக்கு.
ஆனால் அட்டையின் அடியில்
'பிற குறிப்புகள்' என்று ஒரு கட்டம் இருக்கிறதே,
அதை நிரப்பச் சொல்லி
ஆசிரியர்களின் உயிரை எடுப்பவள் நான்.
'நல்ல பையன்' என்று மட்டும் எழுதி வந்தால்
திருப்பி அனுப்பிவிடுவேன்.

அப்படித்தான் தெரியும் எனக்கு:
ஐலா கோஸ்கேலாவுக்கு இடது காது மந்தம்,
சொல்ல மாட்டாள், சிரித்துச் சமாளிப்பாள்.
ட்ரெவரோ வீட்டு இரட்டையரை
ஒரே வகுப்பில் போட வேண்டாம்,
தூரமாகவும் போட வேண்டாம்,
அடுத்தடுத்த அறை போதும்.
டெஸ்மண்ட் மதியச் சாப்பாட்டில் பாதியைப்
பையில் எடுத்து வைப்பான்.
பார்க்காத மாதிரி இருங்கள்.

கட்டத்தைச் சேர்த்ததும் நான்தான்.
என் மகள் ஆறாம் வகுப்பில்
மூன்று மாதம் கழிவறையில் உட்கார்ந்து
மதிய உணவு சாப்பிட்டிருக்கிறாள்.
நவம்பரில்தான் தெரிந்தது.
ஒரு சுவர் தள்ளி
வருகைப் பதிவைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன்,
விடுப்பு ஒன்றுமில்லை என்று.

பூட்டுகளும் என் ஏற்பாடு.
ஐந்தாம் வகுப்பு முடிக்கும் ஒவ்வொருவருக்கும்
கோடை முழுக்கக் கையில் வைத்துப் பழக
ஓர் எண்பூட்டு.
வலப்பக்கம் மூன்று சுற்று,
இடப்பக்கம் ஒன்றரை,
மறுபடி வலம்.
கணக்குக்குக்கூட அவ்வளவு பயமில்லை இவர்களுக்கு.
மணி அடித்துவிடும்,
லாக்கர் திறக்காது,
நடைவழியில் எல்லோரும் பார்ப்பார்கள்.
இந்தக் கனவைச் சொல்லாத பிள்ளை இல்லை.

புதன்கிழமை ஆர்வோ ராய்சனென் வந்தான் பூட்டு வாங்க.
வாங்கிய பிறகும் போகவில்லை.
"என் அட்டையில் என்ன எழுதியிருக்கிறது?"

காட்டக்கூடாது என்பது விதி.
மனப்பாடம் என்பது என் விதி:
திடீர்ச் சத்தம் கேட்டால்
மேசைக்கடியில் போய்விடுவான்.
இழுக்க வேண்டாம்.
பக்கத்தில் தரையில் உட்கார்ந்தால்
தானாக வருவான்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. முகம் சொல்லியிருக்கும்.
"மார்ச்சிலிருந்து ஒரு தடவைகூடப் போகவில்லை,
நீங்கள் எண்ணிப் பார்க்கலாம்" என்றான்.
"நான் போவதற்கு முன்னாலேயே
அது அங்கே போய் உட்கார்ந்திருக்க வேண்டுமா?"

இருபத்திரண்டு வருடமாக
இந்தப் பக்கத்திலிருந்து யாரும் கேட்டதில்லை.

அந்தக் கட்டடத்தின் மணி எப்படி இருக்கும் என்று
எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது.
கூரை தாழ்வு. இரும்புக் கதவுகள்.
முதல் வாரத்திலேயே தீயணைப்பு ஒத்திகை.

வெற்று அட்டை ஒன்றை நீட்டினேன். பேனாவும்.
முழங்கையால் மறைத்துக்கொண்டு
ரொம்ப நேரம் எழுதினான்.
அடித்தான். மறுபடி எழுதினான்.
கடைசியில் நின்றது இவ்வளவு:

'ஒத்திகை இருந்தால்
முந்தின நாளே சொல்லிவிடவும்.
மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.'

'ஒத்திகை'யில் ஓர் எழுத்துப் பிழை.
திருத்தவில்லை நான்.

பழைய அட்டையைக் கிழிக்கவும் இல்லை,
அனுப்பவும் இல்லை.
என் மேசை இழுப்பறையில்,
ஸ்டேப்ளர் பின் டப்பாவுக்கு அடியில் கிடக்கிறது.
செய்தது சரிதானா என்று
செப்டம்பரில் அந்தப் பக்கத்திலிருந்து
போன் வந்தாலோ வராவிட்டாலோ தெரியும்.
வராவிட்டாலும் முழுதாகத் தெரியாது.

இரண்டு பள்ளிகளின் தாரும் சேரும் இடத்தில்
ஒரு விரிசல். குளிர்காலம்தோறும் அகலமாகிறது.
வண்டிச் சக்கரம் வருடாவருடம் மாட்டும்.
இன்றும் மாட்டியது.
இறங்கிப் பெட்டிகளைக் கையில் தூக்கிவைத்து
வண்டியைத் தாண்டவிட்டு
மறுபடி அடுக்கினேன்.
ஐலா, டெஸ்மண்ட், இரட்டையர்,
கடைசியில் அந்த அடித்தல் திருத்தலோடு ஒன்று.