மலை வேடம்

பகலில் மீட்டர் கணக்கெடுப்பேன்.
கோத்தகிரியில் கீழ் ரூட்டு முழுக்க என் கால்.
மாலையில் எங்கே நாடகம் என்றாலும்
மூன்றாவது வரிசையில் இருப்பேன்.
முதல் வரிசை தாளாளருக்கு,
இரண்டாவது அவர் மச்சான்களுக்கு.

விமர்சகர் என்று என்னை யாரும் நியமிக்கவில்லை.
ஃபெலிக்ஸ் அண்ணன் ஜெராக்ஸ் கடையிலிருந்து
மாதம் இருமுறை நான்கு பக்கம் வரும்,
முந்நூறு பிரதி.
முட்டைக்கோஸ் விலைக்கும்
கண்ணீர் அஞ்சலிக்கும் நடுவே
அரைப் பக்கம் எனக்கு.

கார்த்திகையில் கல்லூரிப் பிள்ளைகள் போட்டது
மண்சரிவு பற்றி ஒரு விசாரணைக் கமிஷன்.
மலையைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறார்கள்.
நீதிபதி, வக்கீல், ரோடு கான்ட்ராக்டர்,
டவாலி உட்பட எல்லோரும் பேச
மலை மட்டும் பேசாது.
நாற்பது நிமிடம்
பச்சைத் தார்ப்பாய் போர்த்தி
ஸ்டூல் மேல் நின்றாள் ஒரு பெண்.

பாதியில் பின்கதவு திறந்துகொண்டு
மிஸ்ட் உள்ளே வந்து மேடை ஏறியது.
புகை மெஷின் என்று கைதட்டினோம்.
ஒளியமைத்த பையனை
இரண்டு வரி பாராட்டியும் எழுதினேன்.
அவன் கொண்டுவந்தது இரண்டு டியூப்லைட்,
அதில் ஒன்று எரியவில்லை
என்பது பிறகு தெரிந்தது.

எழுதியது இன்னும் மனப்பாடம்:
"வக்கீலாக வந்த பிரவீன் போஜனுக்குக் குரல் இருக்கிறது,
கைகளை எங்கே வைப்பதென்றுதான் தெரியவில்லை.
மறைவிலிருந்து வசனம் எடுத்துக்கொடுத்தவர்
நன்றாக நடித்தார்.
மலையாக வந்த ஜெசிந்தா
மூன்று இடங்களில் அசைந்துவிட்டார்.
மலை அசையலாமா?"

அந்தக் கடைசிக் கேள்வியை
நாலு நாள் நானே ரசித்தேன்.
யாராவது வாய்விட்டுப் படிக்கட்டும் என்று
டீக்கடை பெஞ்சில்
அந்தப் பக்கம் மேலே தெரிய மடித்து வைத்தேன்.
மறுநாள் வடையை அதில் சுற்றிக் கொடுத்தார்கள்.

மார்கழி ரீடிங்.
எஸ்டேட் லைனில் பதினொன்றாம் நம்பர்.
போன முறை 'கதவு பூட்டு' என்று நான் குறித்த வீடு.
அவள்தான் திறந்தாள்,
தலையில் ஈரத் துண்டு.

"மீட்டர் இந்தப் பக்கம் மாத்தியாச்சு சார்.
அந்தச் சுவர் ஐப்பசியில போயிருச்சு.
நீங்க வந்தப்ப நாங்க ஸ்கூல்ல இருந்தோம், முகாம்ல."

போயிருச்சு என்றாள்,
ஆறரை பஸ் போயிருச்சு என்பதுபோல.
சுவரில்லாத வீட்டை
பூட்டு என்று குறித்துவிட்டுப் போயிருக்கிறேன்.

சுவர் இருந்த இடத்தில் பச்சைத் தார்ப்பாய்.
ஓரத்தில் ஸ்டூல் ஆணி கிழித்த கிழிசல்
எனக்குத் தெரிந்ததுதான்.
அப்படியானால் நாடகத்தன்று
இரவு எட்டு எட்டரை வரை
இந்த வீட்டுக்கு அந்தப் பக்கம் எதுவுமே இல்லை.
இங்கேயும் மிஸ்ட் வந்திருக்கும்.
கைதட்ட ஆளிருந்திருக்காது.

புது மீட்டருக்குக் கீழே ஒரு விரிசல்.
அதன் இரு கரையிலும் பென்சில் கோடுகள்,
ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தேதி.
வாரம் தவறாமல்
யாரோ ரீடிங் எடுத்திருக்கிறார்கள்.
"யார் இது?" என்றேன்.
"நான்தான்."

பிறகு அவளே சொன்னாள்:
"படிச்சேன் சார். மூணு இல்ல, நாலு தடவ அசைஞ்சேன்.
நாலாவதுதான் பெருசு.
அப்ப நீங்க எல்லாரும்
மிஸ்ட்டுக்குக் கைதட்டிட்டு இருந்தீங்க."

என் இரண்டு கைகளையும் எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
ஒன்றில் பேனா இருந்தது நல்லதாயிற்று.
வெள்ளை அட்டையில் எழுதினேன்: எண்பத்திரண்டு.
"நூறுக்குள்ளதான். பணம் கட்ட வேண்டாம்."
வேறு வசனம் வரவில்லை.
எடுத்துக்கொடுப்பார் யாருமில்லை.
தார்ப்பாய் ஒருமுறை உப்பி அடங்கியது.

பன்னிரண்டாம் நம்பர் பூட்டியிருந்தது.
குறிக்க அட்டையை எடுத்தேன்,
எடுத்ததை உள்ளே வைத்துவிட்டு
வீட்டைச் சுற்றிப் போய்ப் பார்த்தேன்.