புள்ளிக் கணக்கு

பிள்ளைகள் படுத்த பிறகு
சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு
மடிக்கணினியைத் திறக்கிறேன்.
ஒரு லட்சத்து அறுபத்துமூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு.
மூன்றரை வருடம்.

இதில்
திருக்கடலூர் அருள்நேசம் வாங்கிய படகு எஞ்சின் இருக்கிறது.
காசை என்னிடம் தாங்கோ,
கடையில் நான் காட் இழுக்கிறேன் என்று
வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.
ஈர நோட்டுகளை எண்ணித் தந்தவர்
"இதால உமக்கென்ன லாபம் பிள்ளை?" என்றார்.
புள்ளி என்றேன்.
"கோலத்துக்கோ?" என்று சிரித்தார்.

முபீன் நானாவின் மதிலுக்குப் போன
அறுபது பை சீமெந்து,
பக்கத்து வீட்டுத் தில்ருக்ஷியின் பிரிஜ்,
விளையாட்டுப் போட்டிக்குப் பள்ளிக்கூடம் எடுத்த
நூற்றுப்பத்துத் தொப்பி.

இருபத்தேழாயிரத்தை மட்டும்
வாய்விட்டுச் சொல்வதில்லை.
அவருடைய நெஞ்சுக் குழாய்க்குள் கம்பிவலை வைத்த அன்று
கொழும்பில் நான் நீட்டிய காட்.
ரசீதில் கையெழுத்துப் போடக் கை நடுங்கியது.
நடுங்கும்போதே
மனம் ஒரு ஓரமாய்
பெருக்கிப் பார்த்துவிட்டது.
இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

விசா கேட்காத நாடுகளை
விரல் மடக்கி எண்ணினோம்.
யதுர்ஷாவுக்குப் பனி வேண்டும்.
பனிக்குப் புள்ளி காணாது.
அக்சயன் கேட்டான்,
"அங்க கடல் இருக்கா?"
இருக்கு.
"இஞ்சயும் இருக்குத்தானே. பிறகென்னத்துக்கு?"
நிலாவெளி மணலில் வெள்ளைக்காரர்
எத்தனை நாடு தாண்டி வந்து
கால் நனைக்கிறார்கள் என்று
அவனுக்கு விளக்கப் போய்
எனக்கே விளங்காமல் போயிற்று.

கோலாலம்பூர் என்று முடிவாயிற்று.
ஓகஸ்ட் பதினொன்று: மூன்று இருக்கை.
பதினாலு: நான்கு.
ஆனால் அது அவருக்குக் கிளினிக் நாள்.
"நீங்க மூண்டு பேரும் போட்டு வாங்கோவன்"
டீவியிலிருந்து கண் எடுக்காமல் சொன்னார்.
அவர் நெஞ்சால் வந்த புள்ளி.
அவரை விட்டுவிட்டா?
கிளினிக்குக்குப் போன் எடுத்தேன்.
ஒன்பதாம் திகதி காலமை வரட்டாம்,
வெறுவயிற்றோடு.

இலவசம் என்றுதான் போட்டிருக்கிறது.
வரிக்குத் தனியாக ஒரு தொகை.
கட்டுநாயக்கா வரைக்கும் புள்ளி செல்லாது;
ஹபரணைக் காட்டைத் தாண்ட
வான்கார ரதீசனுக்குக் காசுதான்,
நடுவழியில் ஒரு கொத்துரொட்டியும்.

படிவம் கேட்கிறது:
ஒருவழியா? போய்வரவா?

விரல் நின்றுவிட்டது.

எங்கள் வீட்டில்
வெளிநாடு போனவர் எல்லாரும் ஒருவழி.
பெரிய மாமா இரவில், படகில்,
தலைக்கு இவ்வளவு என்று.
சின்னத்தான் காணியை ஈடுவைத்து
மூன்று நாட்டுச் சிறை பார்த்து.
மதுவந்தி மச்சாள்
ஒரு கலியாணப் படத்தை நம்பி.
படலையில் நின்று
எல்லாரும் ஒழுங்காகத்தான் சொன்னார்கள்,
"போட்டு வாறன்."
எங்கள் பாஷையில்
போறன் என்று மட்டும் சொல்லக் கூடாதே.

போய்வர.
அழுத்திவிட்டேன்.
ஏழு நாள். நான்கு பெயர்,
கடவுச்சீட்டில் உள்ளபடி.
இருக்கைகளைப் பதினைந்து நிமிடம்
பிடித்து வைத்திருக்குமாம்.

வெளியே குப்பை வாளி உருளுகிறது.
மான்கள்.
கோட்டைப் பக்கமிருந்து வந்து
எங்கள் பப்பாளித் தோலைத் தின்கின்றன,
ஊருக்குள்ளேயே பிறந்து
ஊருக்குள்ளேயே மேய்கிறவை.
தெருவிளக்கில் ஒன்றின் முதுகை
எண்ணத் தொடங்கினேன்.
பதினெட்டில் அது அசைந்துவிட்டது.

வந்து பார்த்தால்
ஆறு நிமிடம்தான் மிச்சம்.

"உங்கட பாஸ்போட் எந்த லாச்சிக்குள்ள?"

"எத்தினையாம் திகதி?"

"பதினாலு."

டீவியின் சத்தம் குறைகிறது.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு
இறுகிப்போன அந்த மேல் லாச்சியை
இரண்டு தரம் உலுப்பி
இழுக்கிற சத்தம்.